வளையும் கோல்: கெடா நீர்நிலைகளில் கெண்டை இனத்துக்கு எந்தத் தூண்டில்?

அலோர் ஸ்டாரில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்குள் நுழைந்தால், முதலில் கண்ணில் படும் கோல்கள் விராலுக்கும் தோமானுக்கும் உரியவை. அதற்குக் காரணம் உண்டு. இது நெல் விளையும் மாநிலம். வயல் வாய்க்காலில் இறங்கினால் ஹாருவான் என்று இங்கே எல்லோரும் சொல்லும் விரால். பெடு ஏரிக்குப் போனால் தோமான். இரண்டுக்கும் பல் உண்டு, தாடை எலும்பும் கெட்டி. புல்லுக்கும் பாசிக்கும் நடுவே பதுங்கிக் கிடந்து ரப்பர் தவளையைப் பாய்ந்து கவ்வுகிற மீன்கள் இவை. கவ்வியதும் ஒரே வெட்டில் முள்ளைத் தாடையில் ஏற்றி, மீன் மறுபடி புல்லுக்குள் புகுவதற்குள் வெளியே இழுத்துவிட வேண்டும். அந்த வேலைக்குக் குட்டையான, விறைப்பான, நுனி மட்டும் வளைகிற கோல்தான் சரி.

அந்தக் கோலையே தூக்கிக்கொண்டு ஒருவர் ரோகு என்ற கெண்டையைப் பிடிக்கப் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தக்கை முங்கும், இழுப்பார், கனம் தெரியும், இரண்டு நொடியில் நூல் தளர்ந்துவிடும். முள்ளில் உதட்டுத் துணுக்கு ஒன்று ஒட்டியிருக்கும். அடுத்த வாரம் இன்னும் பெரிய முள், இன்னும் தடித்த நூல் வாங்குவார். குறை முள்ளிலும் இல்லை, நூலிலும் இல்லை. வளையாத கோலில் இருக்கிறது. வாய் கிழிந்து போகும் மீனுக்கும் அது வேதனை. இந்த அத்தியாயம் அதைத் தவிர்ப்பது பற்றியது.

கெண்டை இனம் என்று இங்கே நான் சொல்வது ஒரு பெரிய குடும்பத்தை. இந்தியாவிலிருந்து வந்த ரோகு, சீனத்திலிருந்து வந்து குளங்களில் வளர்க்கப்படும் சாதாக் கெண்டை, அதாவது லீ கோ, புல் கெண்டை, தோங்சான் என்கிற பெருந்தலைக் கெண்டை, வாய்க்கால், வயல், குளம் என எங்கும் பரவிவிட்ட லம்பாம் ஜாவா, ஜெலாவாட், ஆற்று மீன்களான செபாராவ், தெங்காஸ், கெலா. பார்வைக்கும் குணத்துக்கும் வேறு வேறாக இருந்தாலும் ஒன்றில் எல்லாம் சேரும். இவற்றின் தாடையில் பல் கிடையாது. பல் தொண்டைக்குள் இருக்கிறது. நத்தை ஓட்டையும் விதையையும் அங்கேதான் நொறுக்குகின்றன. உதடு மென்மையானது. ரோகு, லீ கோ போன்றவை உதட்டைக் குழாய் போல நீட்டி இரையை உறிஞ்சும், வாய்க்குள் புரட்டும், ஐயம் வந்தால் உமிழ்ந்துவிடும். முள் ஏறினால் அந்த மென்மையான சதையில்தான் ஏறும். அங்கிருந்து மீன் நேராக ஓடத் தொடங்கும்.

ஆகவே இந்த மீன்களுக்குக் கோல் ஒரு சுமைதாங்கி. மீன் தலையை உதறும்போதெல்லாம் கோல் இன்னும் கொஞ்சம் வளைந்து அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள வேண்டும். மீன் சோரும்போது தானே நிமிர்ந்து நூலை விறைப்பாக வைத்திருக்க வேண்டும். நைலான் தங்கூசி நூலுக்குக் கொஞ்சம் இழுபடும் தன்மை உண்டு, அது இதற்கு உதவும். இப்போது எல்லோரும் விரும்பி வாங்குகிற பின்னல் நூல் ஏறக்குறைய நீளவே நீளாது. விறைப்பான கோலும் பின்னல் நூலும் சேர்ந்தால் உதறல் முழுவதும் முள் ஏறிய இடத்தில் போய் விழும். பின்னல் நூல்தான் வேண்டும் என்றால் கோல் இன்னும் இளகியதாக இருக்கட்டும்.

சுங்கை பட்டாணி, பீடோங் பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. லயத்துக் கூரையில் புகை படும்படி செருகி வைத்திருந்த மூங்கிலைத்தான் அப்பாமார்கள் கையில் எடுத்தார்கள். பச்சையாக வெட்டி, நிழலில் காயவைத்து, கோணல் இருந்த கணுவை நெருப்பில் காட்டி நிமிர்த்திய கோல். ரீல் கிடையாது, நூலை விட்டுக்கொடுக்க வழி கிடையாது. மீன் இழுத்தால் தாங்குவதற்கு மூங்கிலின் வளைவும் கைநீட்டலும் மட்டுமே. ஒரு கிலோ லம்பாம் அதில் வந்தது என்றால், நுனியிலிருந்து பிடி வரை அந்தக் கோல் வட்டமாக வளைந்ததால்தான் வந்தது.

கெண்டைக்கோல் என்ற தனி வகை உலகில் உருவானதும் மூங்கிலில்தான். இங்கிலாந்தில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் 1950களின் தொடக்கத்தில், பிளந்து ஒட்டிய மூங்கிலால் 10 அடிக் கோல் ஒன்றை வடிவமைத்தார். அக்காலத்தில் இவ்வகைக் கோல்களுக்குத் தென்சீனத்து டோன்கின் மூங்கிலே சிறந்ததாகக் கருதப்பட்டது. 1952 செப்டம்பர் 13 அன்று ரெட்மயர் என்ற சிறிய ஏரியில் அவர் பிடித்த சாதாக் கெண்டை 44 பவுண்டு, ஏறத்தாழ 20 கிலோ. அது உயிரோடு லண்டன் மிருகக்காட்சிசாலைக்குப் போய் அங்கே பல ஆண்டுகள் வாழ்ந்தது. 1980இல் அதே ஏரியில் கிறிஸ் யேட்ஸ் இன்னும் பெரிய கெண்டையை, 51 பவுண்டுக்கு மேல், பிளவு மூங்கில் கோலால்தான் கரையேற்றினார். பெரிய மீனுக்கு முரட்டுக் கோல் வேண்டும் என்று வாதிடுகிறவர்களிடம் இந்த இரண்டு மீன்களைப் பற்றிச் சொல்லலாம்.

வளைவை அளப்பது எப்படி?

வாக்கர் கோலின் வலுவை ஓர் எண்ணால் சொல்லும் பழக்கத்தைப் பரப்பினார். அதை வளைவு எடை என்று வைத்துக்கொள்வோம். பிடியைக் கிடைமட்டமாகப் பிடித்து, நுனியில் எடை தொங்கவிட்டு, நுனி நேர் கீழே பார்க்கும் அளவுக்குக் கோல் வளைய எத்தனை பவுண்டு தேவையோ அதுவே அந்தக் கோலின் வளைவு எடை. வாக்கரின் கோலுக்கு அது ஒன்றரை பவுண்டு. இன்று ஐரோப்பாவில் பெரிய ஏரிகளுக்கு விற்கும் 12 அடிக் கோல்களில் 2.75, 3, 3.5 என்று அச்சிட்டிருக்கும்.

நம் கடைகளில் இருக்கும் கோல்களில் அந்த எண் பெரும்பாலும் இராது. ‘6-12 பவுண்டு நூல்’, ‘10-30 கிராம்’ என்று மட்டும் இருக்கும். இதை நம்பி வாங்க முடியாது. ஒரே எண் போட்ட இரண்டு கோல்களில் ஒன்று நுனியில் மட்டும் வளையும், இன்னொன்று பாதி வரை வளையும். வீட்டிலேயே அளந்துவிடலாம், அதற்கு ஒரு மினரல் தண்ணீர் பாட்டில் போதும். ரீலைப் பூட்டி, நூலை எல்லா வளையங்களிலும் கோத்து, பிரேக்கை இறுக்கி மூடுங்கள். நூல் முனையில் காலி பாட்டிலின் கழுத்தைக் கட்டுங்கள். பிடியை மேசையில் கிடைமட்டமாக ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் பாட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றட்டும். நுனி நேர் கீழே திரும்பியதும் நிறுத்துங்கள். ஒரு பவுண்டு 454 கிராம். ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். அரை லிட்டர் பிடித்தால் வளைவு எடை ஒரு பவுண்டுக்குச் சற்று மேல். 700 மில்லி என்றால் ஒன்றரை. 900 என்றால் இரண்டு. ஒன்றரை லிட்டர் பாட்டில் நிறைந்தும் நுனி கீழே திரும்பவில்லை என்றால் அது கெண்டைக்கான கோல் அல்ல, தோமானுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் கையில் இருந்தால் இரண்டு கணக்குகள் எளிதாகிவிடும். வளைவு எடையை ஐந்தால் பெருக்கினால் அந்தக் கோலுக்குப் பொருத்தமான நூலின் வலு பவுண்டில் வரும். நான்கு முதல் ஆறு மடங்கு வரை கூடக் குறைய இருக்கலாம். ஒன்றரை பவுண்டுக் கோலுக்கு ஏழு, எட்டு பவுண்டு நூல். இரண்டு பவுண்டுக் கோலுக்குப் பத்து. இன்னொன்று, கோலுக்கு எத்தனை பவுண்டோ அத்தனை அவுன்ஸ் எடையை வசதியாக வீசலாம். ஓர் அவுன்ஸ் 28 கிராம். இரண்டு பவுண்டுக் கோல் 56 கிராம் வரை வீசும். இவை தோராயக் கணக்குகள்தாம், குட்டைக் கோல்களில் கொஞ்சம் மாறும். ஆனாலும் கடைக்காரர் ‘ரொம்ப ஸ்ட்ராங் பாஸ்’ என்று சொல்வதைவிட இவை நம்பத்தக்கவை.

பாசன வாய்க்கால்கள்

அலோர் ஸ்டாரைச் சுற்றி எங்கே வண்டியை நிறுத்தினாலும் ஏதாவதொரு வாய்க்கால் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மந்திரி புசார் வான் முகமது சாமான் வெட்டிய கால்வாய் நகரிலிருந்து தெற்கே குனோங் ஜெராய் அடிவாரம் நோக்கி 36 கிலோமீட்டர் வரை நேர்கோடாகப் போகிறது. அதற்குப் பிறகு வந்தது முடா பாசனத் திட்டம். பெடு அணையும் முடா அணையும் கட்டி, இரண்டு ஏரிகளையும் மலைக்குள் குடைந்த சுரங்கத்தால் இணைத்து, 1970 முதல் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளையத் தண்ணீர் விட்டார்கள். அதே ஆண்டு அந்தத் திட்டத்தை நடத்தும் மாடா வாரியமும் அமைந்தது. தண்ணீரோடு லம்பாமும் ரோகுவும் வயல்வரை வந்துவிட்டன.

வாய்க்காலில் கோல் தேர்வைத் தீர்மானிப்பது மீனைவிட நீரோட்டம்தான். வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வாரங்களில் பெரிய வாய்க்கால் விளிம்புவரை நிறைந்து வேகமாக ஓடும். மடை குறைந்தபின் பாதித் தண்ணீர், தேங்கிய நிலை. ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் சில கிளை வாய்க்கால்களில் மதகுக்குக் கீழே உள்ள பள்ளங்களில் மட்டும் மீன் ஒதுங்கும். தேங்கிய தண்ணீருக்கு இலேசான தக்கையும் சின்ன ஈயமும் போதும். ஓடும் தண்ணீரில் இரை தரையில் நிற்க 30 கிராம் தட்டை ஈயமாவது வேண்டும். ஒரே கோல் இரண்டையும் செய்ய வேண்டும் என்றால் ஏழு அடி நீளம், வளைவு எடை ஒன்று முதல் ஒன்றேகால் பவுண்டு, அதாவது பாட்டிலில் 450 முதல் 570 மில்லி. நூல் 6 முதல் 8 பவுண்டு நைலான், சுமார் 0.25 மில்லிமீட்டர் தடிமன். ரீல் 2000 அல்லது 2500 அளவு. கெடாவில் ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்று யாராவது என்னிடம் கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

ஏழு அடிக்கு மேல் போக வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. வாய்க்கால் அகலம் குறைவு. தூர வீசத் தேவையே இல்லை. பின்னால் சாலை, மேலே மரம், பக்கத்தில் மதகுக் கம்பி. ஆறடிக்குக் கீழே குறைத்தாலும் தொல்லை. வாய்க்கால் ஓரம் மண்டிக் கிடக்கும் புல்லுக்கு மேலாக நூலைத் தூக்கிப் பிடிக்க நீளம் தேவை. இல்லையென்றால் கடைசி நேரத்தில் மீன் புல்லில் சுற்றிக்கொள்ளும்.

லம்பாமுக்கு மட்டும் என்றால் ரீல் இல்லாத நீட்டுக்கோல் இன்னும் இன்பம் தரும். ஒன்றுக்குள் ஒன்று செருகிய 12 அடி, 15 அடிக் கோல்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கும். நுனியில் ஊசித் தக்கை, சின்ன முள், ரொட்டி உருண்டை அல்லது சுருட்டிய மரவள்ளிக் கொழுந்து. லம்பாம் இலை தின்னும் மீன். மரவள்ளி, கங்கோங் இரண்டையும் விடாது. நீட்டுக்கோலில் நுனிப்பகுதி தனியாக விற்கிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். முதலில் உடைவது அதுதான்.

கட்டணக் குளங்கள்

மணிக் கணக்கில் காசு கட்டிப் பிடிக்கும் குளங்கள் வேறு உலகம். மீன் நெருக்கம், ஆள் நெருக்கம், மீனுக்கு முள்ளைப் பற்றிய அறிவும் அதிகம். பலமுறை பிடிபட்டு விடப்பட்ட ரோகு, கோல் நுனி கொஞ்சம் எதிர்த்தாலும் இரையை உமிழ்ந்துவிடும். ஆகவே நுனி மிக இளகியதாகவும், நடுவிலிருந்து பிடி வரை படிப்படியாக வலு கூடுவதாகவும் உள்ள கோல் தேவை. பக்கத்து ஆளின் நூலோடு சிக்காமல் ஓடும் மீனைத் திருப்ப அந்த அடிவலுதான் உதவும். எட்டு அல்லது ஒன்பது அடி, வளைவு எடை ஒன்றேமுக்காலிலிருந்து இரண்டு பவுண்டு, 10 பவுண்டு நூல் என்பது என் தேர்வு. குளம் சிறியது, எதிர்க்கரை கல்லெறி தூரம்தான் என்றால் வாய்க்காலுக்கு வாங்கிய ஏழு அடியே போதும்.

இங்கே பலர் கவனிக்காத ஓர் எடை இருக்கிறது. தவிடு, ரொட்டி, மீன் தீனி எல்லாம் பிசைந்து, சுருள் கம்பியைச் சுற்றி உருண்டையாகப் பிடித்து, அதிலிருந்து தொங்கும் சின்ன முட்களை மாவுக்குள் புதைத்து வீசுகிறோம். ஸ்பிரிங் என்று குளத்தில் சொல்வது. ஈயம் 20 கிராம்தானே என்று நினைப்போம். ஈரமாவு சேர்ந்ததும் அது 50, 60 கிராமைத் தாண்டிவிடும். ‘7-20 கிராம்’ என்று எழுதிய கோலில் அதை முழு வேகத்தில் வீசினால் நடுத்துண்டு உடைவதில் ஆச்சரியம் இல்லை. ஒருமுறை வீட்டுத் தராசில் உங்கள் உருண்டையை வைத்துப் பாருங்கள். பிறகு அந்த எடைக்கு ஏற்ற கோல் வாங்குங்கள், அல்லது உருண்டையைச் சிறிதாக்குங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். பெரிய உருண்டை தண்ணீரில் விழும் சத்தமே அருகில் இருக்கும் ரோகுவை விரட்டிவிடுகிறது.

மீனுக்கு மீன் இங்கே நடத்தை மாறும். தோங்சான் நடுத்தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்னும் மீன். கரைந்து மேகம் போலப் பரவும் மாவைத் தக்கைக்குக் கீழே தொங்கவிட வேண்டும். தக்கையும் பெரியது, உருண்டையும் கனமானது, அதனால் கோல் ஒன்பது அடியாக இருப்பது நல்லது. புல் கெண்டை முதலில் சாதுவாக வரும். கரையருகே வலையைப் பார்த்ததும் வெடித்துக் கிளம்பும். அந்த நேரத்தில் விறைப்பான கோல் கையில் இருந்தால் நூல் அறுந்தே தீரும். ஜெலாவாட்டும் பத்துக் கிலோவைத் தாண்டி வளரும் மீன். அது இருக்கும் குளத்தில் நூலை 12 பவுண்டாக்கி, கோலையும் ஒரு படி கூட்டிக்கொள்ளலாம்.

கோலைத் தாங்கியில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறவர்கள் பிரேக்கைத் தளர்த்திவிட்டுப் போகவேண்டும், அல்லது பின்பக்க நெம்புகோலால் நூலைத் தாராளமாக விடும் வகை ரீல் வாங்கவேண்டும். இறுக்கி மூடிய ரீலோடு நிற்கும் கோலை ஐந்து கிலோ ரோகு ஒரே இழுப்பில் குளத்துக்குள் கொண்டுபோகும்.

தோட்டத்துக் குளமும் ஆறும்

தெற்கே பாடாங் செராய், கூலிம், கோலா கெட்டில் பக்கம் நிலம் வேறு. பால்மரமும் செம்பனையும் ஆற்றங்கரைவரை நிற்கின்றன. தோட்டத்துக்குள் இருக்கும் குளங்களில் மட்டைகள் தலைக்கு மேல் தொங்கும். ஏழு அடிக் கோலை ஓங்கவே இடம் இராது. ஐந்தரை அல்லது ஆறு அடி, கையைப் பக்கவாட்டில் வைத்துச் சுண்டி வீசும்படி இலேசானது, பாட்டிலில் 500 மில்லி. விழுந்து கிடக்கும் மட்டைகளுக்கு நடுவில் மீன் ஓடினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். கோலை மேலே தூக்காதீர்கள்; தண்ணீருக்கு இணையாகத் தாழ்த்தி, மீன் ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கம் வளையுங்கள். மீனின் தலையைத் திருப்பினால் போதும், உடம்பு பின்னால் வரும்.

தோட்டத்து மக்களுக்கு இரை பற்றி யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. ஊறவைத்துப் புளித்த ரப்பர் விதைக்கு ஜெலாவாட் வரும். பழுத்துச் சிவந்த செம்பனைப் பழத்தைக் கெலா விரும்பும்; அந்த நாரையும் கொட்டையையும் தொண்டைப் பல்லால் நொறுக்கிவிடும். பழத்தை முள்ளில் கோத்தால் அது பத்துப் பதினைந்து கிராம் இருக்கும், தனியே ஈயம் தேவைப்படாத இடங்களும் உண்டு. அப்படி ஈயமில்லாமல் பழத்தை மட்டும் வீச இளகிய நுனி இன்றியமையாதது. விறைத்த நுனியில் வீசினால் பழம் காற்றிலேயே கழன்று தனியாகப் போய் விழும்.

சுங்கை முடாவிலும் சுங்கை கெட்டிலிலும் தாழ்வான பகுதிகள் அகலமானவை, கலங்கலானவை. அங்கே ஏழரை, எட்டு அடிக் கோலோடு தரையில் இரை போட்டு உட்காரலாம். மழை பெய்து ஆறு ஏறும் நாட்களில் 60 கிராம் ஈயம்கூட உருளும். அன்றைக்கு முரட்டுக் கோல் தேடுவதைவிட ஓட்டம் குறைந்த வளைவையோ கிளையாறு சேரும் முகத்தையோ தேடுவது மேல்.

பெடு, முடா ஏரிகளும் மேல் ஆறுகளும்

கோலா நெராங் வழியாக மேலே ஏறினால் பெடு. ஏரி நிறைந்தபோது மூழ்கிய காட்டு மரங்கள் இன்னும் தண்ணீருக்குள் நிற்கின்றன. செபாராவ் கெண்டை இனத்திலேயே வேட்டையாடும் மீன். மரத்தூரில் ஒளிந்திருந்து சின்ன மீனைத் துரத்தி அடிக்கும். பளபளக்கும் தகட்டு இரையைப் படகிலிருந்து வீச ஆறரை அடிக் கோல், 8-15 பவுண்டு எழுத்துள்ளது. இங்கே நுனி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கலாம். ஆனால் தோமான் கோலின் விறைப்பு வேண்டாம். செபாராவின் முதல் அடி மிக வேகமானது, மூன்று கொக்கி முட்கள் அதன் உதட்டிலிருந்து எளிதில் பிய்ந்துவிடும்.

ஐரோப்பியர் பயன்படுத்தும் 12 அடி, 3 பவுண்டுக் கோலுக்குக் கெடாவில் எனக்குத் தெரிந்து ஒரே இடம்தான் பொருந்தும்: பெடுவின் திறந்த கரையில் நின்று 80 கிராம் எடையைத் தூரமாக வீசி, கூடாரம் போட்டு இரவு முழுவதும் காத்திருப்பது. அதைச் செய்யாதவர்கள் அந்தக் கோலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். படகில் அது இடைஞ்சல், வாய்க்காலில் ஆபத்து, குளத்தில் பக்கத்தாருக்குத் தொந்தரவு.

குபீர் படகுத்துறையிலிருந்து உலு முடா காட்டுக்குள் போகிறவர்களுக்குக் கெலாதான் கனவு. பாறை நிறைந்த பள்ளத்தில் கெலாவின் முதல் ஓட்டத்தைத் தடுக்க முடியவில்லை என்றால் நூல் பாறையில் உரசி அறும். இந்த அத்தியாயத்தில் ‘வலுவான கோல் எடுங்கள்’ என்று நான் சொல்லும் ஒரே இடம் இது: ஆறரை அடி, 12-25 பவுண்டு எழுத்து, 20 பவுண்டுக்குக் குறையாத நூல், முனையில் உரசலைத் தாங்கும் தடித்த நைலான் துண்டு. அப்போதும் பாதிவரை வளையும் கோலாகவே பாருங்கள். வலு அடிப்பகுதியில் இருக்கட்டும். பிடித்த கெலாவைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். இந்த மீன் மெதுவாக வளர்கிறது, பெரும்பாலும் தெளிந்த குளிர்ந்த ஓட்டத்தில் வாழ்கிறது; பெரிய கெலா ஒன்று போனால் அந்தப் பள்ளத்தில் அடுத்தது வர நெடுங்காலம் ஆகும். ஆற்றில் மீன்பிடிக்கத் தடை உள்ள பகுதி எது, உரிமம் வேண்டுமா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

கோலை இணைத்து, காது குடையும் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்றுச் சுற்றுங்கள்; சிறிய பிளவு இருந்தாலும் பஞ்சிழை அதில் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று நூலை ஒரே நாளில் அறுத்துவிடும். பிறகு நூலைக் கோத்து நுனியைக் கடைக்காரரைப் பிடிக்கச் சொல்லி மெதுவாக வளையுங்கள். வளைந்த கோலின் வடிவத்தை நூலும் பின்பற்ற வேண்டும். இரண்டு வளையங்களுக்கு நடுவில் நூல் கோலைத் தொட்டால் வளையம் குறைவு என்று பொருள். நுனியைக் கையால் மடக்கிப் பார்க்காதீர்கள். கார்பன் கோல் இழுப்பைத் தாங்கும், விரலால் மடக்குவதைத் தாங்காது.

கண்ணாடி இழைக் கோல் கனம், மலிவு, இலேசில் உடையாது, அழகாக வளையும். கார்பன் இலேசு, கை வலிக்காது, ஒரு முட்டுப் பட்டால் போதும், பிறகு ஒருநாள் அந்த இடத்தில் முறியும். இரண்டும் கலந்து செய்த கோல்தான் கெண்டைக்கு மிகப் பொருத்தம் என்பது என் கருத்து. தொலைநோக்கி போல மடங்கும் கோல் பைக்கில் கொண்டுபோக வசதி. ஆனால் ஒவ்வொரு மூட்டும் விறைப்பாக இருப்பதால் வளைவு உடைந்து உடைந்து வரும். இரண்டு துண்டுக் கோல் மேல்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். வாய்க்கால் ஓரச் சாலைகளில் மின்கம்பி தாழ்வாகப் போகும் இடங்கள் உண்டு. 12 அடி, 15 அடி நீட்டுக்கோலை நிமிர்த்திப் பிடித்து நடந்தால் கம்பியைத் தொடாமலே அருகில் போனாலும் பாயலாம். கம்பி தெரிகிற இடத்தில் கோலை மடக்கிக் கையில் தாழ்த்திக் கொண்டு போங்கள். பிற்பகல் இடி முழக்கம் கேட்டதும், மீன் கடித்துக்கொண்டிருந்தாலும், கோலைத் தரையில் கிடத்திவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை முதல் விதியாக வைக்க வேண்டும்.

மீனைக் கரையேற்றக் கோலால் தூக்காதீர்கள். நுனி தலைக்குப் பின்னால் போகும்படி கோலை நிமிர்த்தினால் முழுக் கனமும் நுனிப்பகுதியில் மட்டும் விழும். கார்பன் கோல்கள் அதிகம் உடைவது அப்போதுதான். நீளமான பிடி போட்ட வலை ஒன்று வாங்குங்கள். வாய்க்காலின் சரிந்த சிமெண்டுக் கரையில் பாசி வழுக்கும் என்பதால் வலைப்பிடி ஆறடியாவது இருக்கட்டும்; அப்போது தண்ணீரோரம் இறங்க வேண்டியிராது.

குடும்பமாகப் போகிறவர்கள் வாங்கும் வரிசை இது. முதலில் ஏழு அடி, ஒன்றேகால் பவுண்டுக் கோல். அடுத்தது, கட்டணக் குளத்துக்கு அடிக்கடி போவீர்கள் என்றால் ஒன்பது அடி, இரண்டு பவுண்டு. ஏரிப் பக்கம் போவீர்கள் என்றால் செபாராவுக்கு ஆறரை அடி. பிள்ளைகளுக்குப் பத்து அடிக்கு மிகாத நீட்டுக்கோல். அதில் நூலைக் கோலின் நீளத்தைவிட ஒரு சாண் குறைவாகக் கட்டுங்கள். அப்போதுதான் கோலை நிமிர்த்தியதும் முள் நேராகப் பிள்ளையின் கைக்கு வரும், முகத்துக்கு வராது.